லேபிளில் எழுதியிருக்கிறது

கரும்புக்கு நான்காம் மாதம் பிறந்துவிட்டால், நான் வேலை பார்த்த ஒட்டுண்ணி உற்பத்திக்கூடத்தின் வாசலில் காலை எட்டு மணிக்கே ஆட்கள் வந்து நிற்பார்கள். கரும்பின் தண்டைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கும் நுண்குளவிகளை, அதாவது முட்டை ஒட்டுண்ணிகளை, அட்டையில் ஒட்டி வயலில் கட்டும் பருவம் அது. ஏக்கருக்கு 1 சிசி வீதம், 15 நாளைக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு தடவை கட்ட வேண்டும். 1 சிசி என்றால் ஏறக்குறைய 20,000 முட்டைகள்; அத்தனையும் ஒட்டுண்ணி வளர்ப்புக்கென்றே நாங்கள் வளர்க்கும் கார்சிரா அந்துப்பூச்சியின் முட்டைகள்; ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு குளவி வளர்ந்துகொண்டிருக்கும். அட்டையில் பசை தடவி மிளகுப்பொடி தூவியதுபோல் அவை கறுத்துக் கிடக்கும். அப்படி ஒரு காலையில், முந்தைய ஆண்டு எங்களிடம் அட்டை வாங்கிக் கட்டியும் புழுவால் சேதம் கண்டிருந்த ஒரு பெரியவர், நான் கொடுத்த அட்டையை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, இதுல இருந்து வெளிய வர்றது கரும்புக்கான பூச்சிதான்னு நீங்க பாத்தீங்களா?” நான் சற்றும் யோசிக்காமல், “லேபிள்ல எழுதியிருக்கு ஐயா” என்றேன். அவர் அட்டையைத் திருப்பி, ‘டிரைக்கோகிரம்மா கைலோனிஸ்’ என்று என் கையெழுத்தில் இருந்த பெயரைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, அட்டையை வேட்டி மடிப்பில் பத்திரமாக வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெயரை எழுதியவள் நான்தான். ஆனால் நான் பூச்சியைப் பார்த்து எழுதவில்லை. புட்டியில் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்து எழுதினேன். அந்தப் புட்டியின் லேபிள் அதற்கு முந்தைய புட்டியின் லேபிளைப் பார்த்து எழுதப்பட்டது. தாய் வளர்ப்பு எங்கள் கூடத்துக்கு வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு தலைமுறைக்கு எட்டு முதல் பத்து நாள் என்றால் ஆண்டுக்குக் குறைந்தது 35 தலைமுறை. அத்தனை தலைமுறைகளிலும் பூச்சி ஒரு புட்டியிலிருந்து இன்னொரு புட்டிக்கு மாறியது. பெயரும் கூடவே மாறியது. அதே கட்டடத்தில், ஒரு மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம், நெல் தண்டுத்துளைப்பானுக்காக டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் என்ற இன்னொரு சிற்றினத்தையும் வளர்த்தோம். இரண்டையும் கையாண்டவர்கள் ஒரே ஆட்கள். வலைத்துணியின் கண்ணுக்குள் புகுந்துவிடக்கூடிய பூச்சியை மரத்தடுப்பு என்ன செய்யும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அரை மில்லிமீட்டர் உடம்பு

டிரைக்கோகிரம்மாவைக் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்று சொல்லும் விவசாயிகள் பெரும்பாலும் பார்த்தது ஒரு நகரும் புள்ளியைத்தான். உடம்பு அரை மில்லிமீட்டர் அளவு. 1833இல் வெஸ்ட்வுட் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தபோது, இறக்கையில் வரிசை வரிசையாக ஓடும் நுண்மயிர்களைக் கண்டு, மயிர்க்கோடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை ஆக்கினார். பொருத்தமான பெயர்தான். ஆனால் அந்த மயிர்க்கோடு பேரினத்தைக் காட்டும் அளவுக்குச் சிற்றினத்தைக் காட்டாது. உலகில் இதுவரை 200க்கும் மேற்பட்ட டிரைக்கோகிரம்மா சிற்றினங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றின் பெண்களை அருகருகே வைத்தால், வாழ்நாள் முழுவதும் இவற்றையே பார்த்தவர்களும் பிரித்துச் சொல்லத் தயங்குவார்கள்.

நிறத்தை நம்பலாமா என்றால் அதுவும் இல்லை. கைலோனிஸ் மஞ்சள், ஜப்பானிக்கம் கறுப்பு என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். பொதுவாக அது சரிதான். ஆனால் குளிர்ந்த அறையில் வளர்ந்த மஞ்சள் பூச்சி கறுத்துப் பிறக்கும். மார்கழியில் வெளிவரும் கூட்டமும் சித்திரையில் வெளிவரும் கூட்டமும் ஒரே தாய்வழியாக இருந்தும் வேறு வேறு பூச்சிபோலத் தெரியும். உருவ அளவையும் நம்ப முடியாது. பெரிய முட்டையில் வளர்ந்த குளவி பெரிதாகவும், சிறிய முட்டையில் வளர்ந்தது சிறிதாகவும் இருக்கும். 1937இல் ஜார்ஜ் சால்ட் எழுதிய ஒரு கட்டுரை இதன் உச்சத்தைக் காட்டியது. டிரைக்கோகிரம்மா செம்ப்ளிடிஸ் என்ற ஐரோப்பியச் சிற்றினத்தின் ஆண்கள் அந்துப்பூச்சி முட்டையில் வளர்ந்தால் இறக்கையோடும், நீர்நிலையோரத்து சியாலிஸ் பூச்சியின் முட்டையில் வளர்ந்தால் இறக்கையே இல்லாமலும் பிறக்கின்றன. இறக்கை உண்டா இல்லையா என்பதைவிடப் பெரிய வேறுபாடு ஒரு குளவிக்கு என்ன இருக்க முடியும்? அதைத் தீர்மானித்தது அது உண்டு வளர்ந்த முட்டை. முட்டையை மாற்றினால் உருவம் மாறுகிறது என்றால், உருவத்தை வைத்து மட்டும் பெயர் சொல்பவர் எத்தனை இடத்தில் சறுக்கியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கலாம்.

மாறாமல் இருப்பது ஆணின் பிறப்புறுப்பு. அதைப் பார்க்க வேண்டுமென்றால் நான் ஸ்லைடு போட வேண்டும். பெரியவர் வந்துபோன மூன்றாம் நாள், வேலை நேரம் முடிந்த பிறகு, அவருக்குக் கொடுத்த அதே தொகுதியிலிருந்து ஒரு துண்டு அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முப்பது ஆண்கள்

ஆணைப் பிரிப்பது எளிது. உணர்கொம்பில் நீண்ட மயிர்கள் பறந்துகொண்டிருந்தால் ஆண். நுனி தடித்துக் கதைபோல் இருந்தால் பெண். சாராயத்தில் போட்ட குளவிகளிலிருந்து 30 ஆண்களை, ஒற்றை மயிர்த் தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் மெல்லச் சூடுபடுத்தினால் தசை கரைந்து உடம்பு கண்ணாடிபோல் ஆகிவிடும். பிறகு தண்ணீரில் கழுவி, ஹோயர் பசையில் ஒரு துளிக்கு ஒன்றாக மல்லாந்து கிடத்தி, மேலே கண்ணாடிச் சில்லை வைக்க வேண்டும். சில்லை வைக்கும் அந்த நொடியில்தான் கை நடுங்கும். கொஞ்சம் சாய்ந்தாலும் குளவி புரண்டுவிடும். பக்கவாட்டில் புரண்ட குளவியில் எதுவும் படிக்க முடியாது. முதல் நாள் பத்துக்கு நான்கு வீணானது. மூன்றாம் நாள் வீணாவது நின்றது. முப்பதையும் முடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

நானூறு மடங்கு உருப்பெருக்கத்தில் வயிற்றின் நுனியைக் குவித்தபோது முதலில் தெரிந்தது, பழுப்பு நிறத்தில் ஒரு சிறு கூடு. கைலோனிஸ் ஆணில் அந்தக் கூட்டின் மேற்புறத்துத் தகடு அடியில் அகன்று, பக்கவாட்டில் மடல் விட்டு, நுனியில் குறுகும் ஒரு முக்கோணமாக இருக்கும். முதல் ஸ்லைடில் அது இருந்தது; கோயில் விமானத்தின் நிழலுருவத்தைப்போல அவ்வளவு தெளிவாக இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதில் இல்லை. மெலிந்து நீண்ட, மடல் ஏதுமில்லாத எளிய கூடு ஒன்று கிடந்தது. சில்லு அழுத்தி நசுங்கியிருக்கும் என்று நினைத்து ஒதுக்கிவைத்தேன். ஐந்தாவதும் அப்படியே இருந்தபோது, நசுங்கியது பூச்சியில்லை என்று புரிந்தது. வாரக் கடைசியில் எண்ணிக்கை கையில் இருந்தது: 30 ஆண்களில் 19 ஜப்பானிக்கம், 11 கைலோனிஸ். கைலோனிஸ் என்று நான் கையெழுத்திட்ட அட்டையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேறொரு சிற்றினம்.

அந்தப் பெரியவரின் வயலில் முந்தைய ஆண்டு ஏற்பட்ட சேதத்துக்கு இதுவே காரணம் என்று நான் கூறமாட்டேன். அட்டை கட்டிய அன்று மழை பெய்திருக்கலாம், எறும்பு தின்றிருக்கலாம், சோகை உரிக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய்யாக இருந்தது. பொய் சொல்கிறோம் என்ற அறிவுகூட இல்லாமல் சொன்னது என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. அடுத்த நாள் காலை ஸ்லைடுப் பெட்டியை எடுத்துக்கொண்டுபோய் மேலதிகாரியின் மேசையில் வைத்தேன். இரண்டு வளர்ப்புகளையும் அழித்துவிட்டு, சரிபார்த்த தாய்ப்பூச்சிகளிலிருந்து புதிதாகத் தொடங்கினோம். ஜப்பானிக்கம் வேறு கட்டடத்துக்குப் போயிற்று.

பெயர் தவறாக இருந்த நாடு

எங்கள் கூடத்தில் நடந்தது, ஒரு காலத்தில் நாடு முழுவதும் நடந்ததன் சிறு நகல் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தியாவில் டிரைக்கோகிரம்மாவைப் பற்றி வந்த பழைய வெளியீடுகளில் மினூட்டம், எவனெசென்ஸ், ஆஸ்திரேலிக்கம் என்ற பெயர்களே காணப்படுகின்றன. அவை வேறு கண்டங்களின் பூச்சிகளுக்கு வைத்த பெயர்கள். அங்கே எழுதிய விவரணையை இங்கே உள்ள பூச்சியோடு ஒப்பிட்டு, ஏறக்குறைய ஒத்துப்போனால் அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள். நிறத்தையும் உருவையும் நம்பிய காலம் அது. பெங்களூரில் இருந்த காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் இந்திய நிலையத்தில் சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும் சேர்ந்து, 1971இல், ஆணின் பிறப்புறுப்பே சிற்றினத்தைப் பிரிக்கும் நம்பகமான அடையாளம் என்று காட்டும் கட்டுரையை வெளியிட்டார்கள். இன்று உலகில் எந்த மூலையில் உருவத்தைப் பார்த்து டிரைக்கோகிரம்மாவுக்குப் பெயர் சொல்பவரும், அந்த இருவரும் நிறுவிய பழக்கத்தின்படிதான் ஆணைத் தேடி எடுக்கிறார். இந்தியாவில் பெரும்பாலும் ஆஸ்திரேலிக்கம் என்று எழுதப்பட்ட பூச்சி, 1941இல் ஜப்பானில் இஷீ விவரித்த கைலோனிஸ்தான் என்பது பின்னர் தெளிவாயிற்று.

எனக்கு அவர்களிடம் மிகவும் பிடித்த பகுதி வேறு. அவர்கள் உறுப்பைப் பார்த்ததோடு நிறுத்தவில்லை. வளர்த்துக் கலப்பும் செய்து பார்த்தார்கள். குளவிகளில் கருவுறாத முட்டை ஆணாகப் பிறக்கும். கருவுற்ற முட்டை பெண்ணாகப் பிறக்கும். ஆகவே ஒரு வளர்ப்பின் ஆணையும் இன்னொன்றின் இணைசேராத பெண்ணையும் ஒரே குழாயில் விட்டு, அடுத்த தலைமுறையில் பெண் பிறக்கிறதா என்று பார்த்தால் போதும். பிறப்பதெல்லாம் ஆண் என்றால், உள்ளே இருந்த இருவரும் ஒருவரையொருவர் தம் இனமாக ஏற்கவில்லை, அல்லது ஏற்றும் பயனில்லை. நாம் கண்ணாடி வழியே பார்த்துக் குழம்பும் கேள்விக்குப் பூச்சி தானே பதில் சொல்லிவிடுகிறது. அதற்குத் தேவை ஒரு குழாய், கொஞ்சம் அந்துப்பூச்சி முட்டை, பத்து நாள் பொறுமை.

குவானகாஸ்டேயின் புழுக்கள்

வளர்த்துப் பார்ப்பது என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது கோஸ்டா ரிகாவின் வடமேற்கில் உள்ள குவானகாஸ்டே பாதுகாப்புப் பகுதி. டேனியல் ஜான்சனும் வின்னி ஹால்வாக்ஸும் 1970களின் இறுதியிலிருந்து அங்கே காட்டுப்புழுக்களைப் பொறுக்கி வளர்த்துவருகிறார்கள். அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்பவர்கள், சுற்றுவட்டார ஊர்களில் பிறந்து, பயிற்சி பெற்று, துணை வகைப்பாட்டாளர்களாக ஆன ஆண்களும் பெண்களும். ஒரு புழுவை அது தின்னும் இலையோடு எடுத்துவந்து, பையில் தொங்கவிட்டு, நாள்தோறும் இலை மாற்றி, கடைசியில் வெளியே வருவது வண்ணத்துப்பூச்சியா குளவியா என்று காத்திருக்கிறார்கள். குளவி வந்தால் அதற்கு ஒரு எண் கிடைக்கும். எந்தப் புழுவிலிருந்து, எந்தச் செடியிலிருந்து, எந்தக் காட்டிலிருந்து வந்தது என்ற வரலாறும் அதோடு சேரும்.

அப்படி வந்தவற்றில் ஒரு பெரும் பகுதி மைக்ரோகாஸ்ட்ரினே என்ற துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. நம் கரும்புக்காரர்களுக்கு இது அந்நியமான கூட்டமில்லை. தண்டைக் குடையும் புழுவின் உடலிலிருந்து வெளிவந்து, அதன் மேலேயே வெள்ளைப் பஞ்சுபோல் கூடு கட்டும் கோட்டீசியா ஃபிளாவிபெஸ் இந்தத் துணைக்குடும்பம்தான். பழைய நூல்களில் அதன் பெயர் அபாண்டெலிஸ் ஃபிளாவிபெஸ் என்று இருக்கும். 1981இல் மேசன், அபாண்டெலிஸ் என்ற அந்த மாபெரும் மூட்டை உண்மையில் ஒரே வம்சமில்லை என்று காட்டிப் பல பேரினங்களாகப் பிரித்த பிறகு பெயர் மாறியது.

2008இல், குவானகாஸ்டேயில் வளர்த்தெடுத்த ஆறு பேரினங்களைச் சேர்ந்த 2,597 குளவிகளின் டிஎன்ஏ பார்கோடை, அதாவது ஒரு மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் சிறு துண்டை, ஸ்மித்தும் கூட்டாளிகளும் படித்தார்கள். உருவத்தை வைத்துப் பிரித்தபோது 171 சிற்றினங்கள் என்று இருந்தவை, பார்கோடையும் சேர்த்துப் பார்த்தபோது 313 ஆயின. அவற்றில் அபாண்டெலிஸ் லியூகோஸ்டிக்மஸ் என்ற ஒரு பூச்சியின் கதையை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இறக்கையில் வெள்ளைப் பொட்டுள்ள சின்னக் கறுப்புக் குளவி அது. 32 வகைத் துள்ளி வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களைத் தாக்கும், எதைக் கண்டாலும் விடாத பூச்சி என்று அதைக் கருதியிருந்தார்கள். பார்த்தால் அந்த ஒரே பெயருக்குள் 36 சிற்றினங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு நெருங்கிய உறவுப் புழுக்களை மட்டுமே தேடிப்போவது. எல்லாவற்றையும் தின்னும் ஒரு பூச்சி அங்கே இருந்ததே இல்லை. தனக்கென ஒரு புழுவை வைத்திருந்த முப்பத்தாறு பேரை, முகம் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக நாம் ஒருவராக எண்ணியிருக்கிறோம்.

மரபணுத் துண்டு மட்டும் இருந்திருந்தால் அந்த 36ஐ நான் நம்பியிருக்க மாட்டேன். ஒரு மைட்டோகாண்ட்ரியா மரபணு தாய்வழி மட்டுமே போவது. ஒரே இனத்துக்குள்ளும் அது கிளை விட்டிருக்கலாம். நம்பவைத்தது என்னவென்றால், மரபணு பிரித்த கோட்டிலேயே புழுவும் பிரிந்தது. இலை மாற்றிக் காத்திருந்தவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த ஓம்புயிரிப் பதிவு, அதாவது எந்தக் குளவி எந்தப் புழுவில் வளர்ந்தது என்ற குறிப்பு, ஆய்வகத்தில் இருந்தவர்களுக்குச் சாட்சி சொன்னது. ஆறாண்டுகள் கழித்து, 2014இல், ஃபெர்னாண்டஸ்-ட்ரியானாவும் கூட்டாளிகளும் அந்தப் பகுதியின் அபாண்டெலிஸை எடுத்து, 186 சிற்றினங்களுக்குப் புதிதாகப் பெயர் வைத்தார்கள். உருவம், மரபணு, ஓம்புயிரி மூன்றையும் சேர்த்து, மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்க அடையாளத் திறவுகோலும் எழுதினார்கள். பல பெயர்கள் புழு வளர்த்தவர்களின் பெயர்கள். வகைப்பாட்டு நூல்களில் நான் மகிழ்ச்சியோடு படித்தது அந்தப் பெயர்ப் பட்டியலைத்தான்.

நானூற்று மூன்று

பிறகு 2021இல் ஷார்க்கியும் கூட்டாளிகளும் கோஸ்டா ரிகாவின் பிரகோனிட் குளவிகளில் (மைக்ரோகாஸ்ட்ரினேயும் அடங்கும் பெரிய குடும்பம் அது) 11 துணைக்குடும்பங்களைச் சேர்ந்த 403 புதிய சிற்றினங்களை ஒரே வெளியீட்டில் விவரித்தார்கள். பெரும்பாலானவற்றுக்கு விவரணை என்று இருந்தது ஒரு பக்கவாட்டுப் படமும் பார்கோடும்தான். பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு, 219 சிற்றினங்களுக்கு, ஓம்புயிரிப் பதிவும் இருந்தது. இறக்கை நரம்பு எப்படி ஓடுகிறது, மார்பின் பின்பகுதியில் எத்தனை மேடு, முட்டையிடும் ஊசி எவ்வளவு நீளம் என்ற வழக்கமான வரிகள் இல்லை. திறவுகோல் இல்லை. அவர்களுடைய வாதம் எளிமையானது, வேதனையானதும்கூட: வெப்பமண்டலக் குளவிகளில் பெரும்பகுதிக்கு இன்னும் பெயரே இல்லை, பழைய வேகத்தில் போனால், பெயர் வைப்பதற்குள் காடே இருக்காது. மறுத்தவர்கள் கடுமையாக மறுத்தார்கள். ஒரு மரபணுவின் எழுத்து வரிசையே சிற்றினத்தின் விவரணையாக முடியாது என்றார்கள். அருங்காட்சியகத்தில் ஏற்கெனவே பெயரோடு ஊசியில் குத்தி நிற்கும் பழைய மாதிரிகளோடு ஒப்பிடாமல் புதிது என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டார்கள். அதே தரவை வேறு கணிப்பு முறைகளில் இட்டால் சில குழுக்களின் எல்லை மாறுகிறது என்றும் காட்டினார்கள்.

படித்தவுடன் நான் மறுத்தவர்கள் பக்கம் நின்றேன். சினத்தோடு நின்றேன் என்பதே சரி. எனக்கு முன்னால் அந்தப் பெரியவர் நின்றார். நாளைக்கு அவருக்கு ஒருத்தி பதில் சொல்ல வேண்டும். மாவட்டத் தலைநகரம் ஒன்றில், ஒரு நுண்ணோக்கியும் ஒரு தூரிகையும் மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவளால் படிக்க முடியாத பெயர் அவளுக்கு எதற்கு? எழுத்து வரிசையை எடுக்கும் கருவியும், அதற்கான வேதிப்பொருளும், செலவும் யாரிடம் இருக்கின்றனவோ அவர்களுக்கு மட்டும் திறக்கும் பெயர் அது என்று எழுதவும் செய்தேன். அந்தக் கருத்தில் சில மாதங்கள் உறுதியாக இருந்தேன்.

என்னை அசைத்தது ஒரு குழாய் நிறையப் பெண்கள். வெண்டை வயல் ஒன்றிலிருந்து வந்த காய்ப்புழு முட்டைகளில் டிரைக்கோகிரம்மா வெளிவந்தது; வளர்க்க எடுத்தேன். முதல் தலைமுறையில் ஆணே இல்லை. தற்செயல் என்று விட்டேன். இரண்டாம் தலைமுறையிலும் இல்லை, மூன்றிலும் இல்லை. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா உடலுக்குள் இருக்கும் சில குளவிகளில், கருவுறாத முட்டையும் பெண்ணாகவே பிறக்கும். தாய் மகளைப் பெறுவாள், மகள் மகளைப் பெறுவாள், ஆண் தேவைப்படவே மாட்டான். 1971இன் கட்டுரையும், நான் பெருமையோடு கற்ற ஸ்லைடு வேலையும் அந்தக் குழாயின் முன்னால் ஊமையாக நின்றன. பார்க்க வேண்டிய உறுப்பை உடையவன் பிறக்கவே இல்லை. அறிந்தவர் ஒருவரிடம் சாராயத்தில் நான்கு பெண்களை அனுப்பினேன். உட்கரு மரபணுத் துண்டு ஒன்றைப் படித்து, கைலோனிஸ் என்று பதில் எழுதினார். இது போதும் என்றுதான் வேறு யாரும் இருந்திருப்பார்கள். எனக்கு ஆண் வேண்டியிருந்தது.

வழி இருந்தது. இத்தகைய பெண்களுக்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தால் ஆண்கள் திரும்புவார்கள் என்று 1990இல் ஸ்டவுட்ஹாமரும் கூட்டாளிகளும் காட்டியிருந்தார்கள். தேனில் டெட்ராசைக்ளின் கலந்து, குண்டூசி முனையால் குழாயின் சுவரில் மெல்லிய கோடாக இழுத்துவிட்டேன். பெண்கள் வந்து நக்கின. முட்டை கொடுத்தேன்; பத்து நாள் காத்திருந்தேன். வெளிவந்த கூட்டத்தில் உணர்கொம்பு மயிர் பறக்க ஒருவன் குழாயின் வெளிச்சம் விழும் பக்கம் ஏறிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் சிலர். ஸ்லைடில் அந்த முக்கோணத் தகடு, பக்கத்து மடல்களோடு, அப்படியே இருந்தது. எழுத்து வரிசை சொன்னதையே உறுப்பும் சொன்னது.

அன்று இரவு நான் முன்பு எழுதியதைத் திரும்பப் படித்தேன். கருவி உள்ளவர்களுக்கு மட்டும் திறக்கும் பெயர் என்று பார்கோடைப் பற்றிச் சொல்லியிருந்தேன். என் ஸ்லைடு மட்டும் அந்தப் பெரியவருக்குத் திறக்குமா? ஹோயர் பசையும், நானூறு மடங்கு உருப்பெருக்கமும், ஒரு வாரக் கைப்பழக்கமும் அவருக்கு மரபணுக் கருவியைவிட அருகில் இல்லை. எனக்கு அருகில் இருந்ததால் எல்லோருக்கும் அருகில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். பார்கோடின்மீது நான் கொண்ட சினத்தின் பாதியை அன்றே விட்டுவிட்டேன்.

மற்றப் பாதியை இன்னும் விடவில்லை. அருங்காட்சியகப் பெட்டியில் ஒரு குளவியை எடுத்துப் பாருங்கள். ஊசியில் குளவிக்குக் கீழே அடுக்கடுக்காகத் தாள்கள் குத்தியிருக்கும். கிடைத்த இடமும் நாளும் ஒன்று. முதலில் பெயர் சொன்னவர் எழுதியது ஒன்று. ஐம்பது ஆண்டு கழித்து அது தவறு என்று கண்டவர் அந்தத் தாளைக் கிழித்தெறியமாட்டார்; தன் பெயரையும் ஆண்டையும் எழுதிய இன்னொரு தாளை அதன் கீழே குத்துவார். யார், எப்போது, எதைப் பார்த்து என்ன சொன்னார் என்பது ஊசியிலேயே இருக்கும். பழைய மாதிரியோடு ஒப்பிடாமல் புதுப் பெயர் வைக்கும்போது அறுபடுவது இந்தத் தொடர்ச்சிதான். முன்னால் சொன்னவருக்குப் பதில் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவதுபோல் அது இருக்கிறது. 403இல் ஓம்புயிரிப் பதிவோடு வந்த 219ஐ நான் இன்று மதிப்போடு பார்க்கிறேன்; யாரோ இலை மாற்றிக் காத்திருந்த உழைப்பு அவற்றில் இருக்கிறது. பொறியில் விழுந்து, எதைத் தின்று வளர்ந்தது என்றே தெரியாமல், ஒரு படத்தோடும் எழுத்து வரிசையோடும் நிற்கும் மற்றவற்றுக்குப் பெயர் வைக்க இன்னும் கொஞ்சம் காத்திருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். அதுவரை எண் போதும். 2020இல் வெளிவந்த உலகப் பட்டியலில் மைக்ரோகாஸ்ட்ரினேயில் பெயர் பெற்றவை 2,999 சிற்றினங்கள். இருப்பவை அதைப்போல் பல மடங்கு என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அவசரம் உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் நாட்டில் மஞ்சள் தட்டுப் பொறி வைத்துக் குளவி சேர்க்கும் ஆய்வேடுகள் எத்தனை வருகின்றன, புழு வளர்த்துக் குளவி எடுக்கும் ஆய்வேடுகள் எத்தனை வருகின்றன என்று எண்ணிப் பார்த்தால் எனக்கு மனம் கனக்கிறது. பொறியை இன்று வைத்து நாளை எடுக்கலாம். புழுவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் இலை வேண்டும்.

இப்போது எங்கள் லேபிளில் பெயருக்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது: ஆண்களைப் பார்த்த நாள், பார்த்த எண்ணிக்கை, பார்த்தவரின் கையொப்பம். மாதத்துக்கு ஒரு முறை 20 ஆண்கள். ஸ்லைடுகளைத் தூக்கி எறிவதில்லை. தேதி வாரியாகப் பெட்டியில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்து நான் சொன்னது சரிதானா என்று பார்க்கலாம்.

அந்தப் பெரியவர் அடுத்த பருவத்துக்கு வந்தபோது நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். “எத்தனை பூச்சிய அப்படிப் பாத்தீங்க?” என்று மட்டும் கேட்டார். முப்பது என்றேன். நுண்ணோக்கியின் முன்னால் உட்காரவைத்து, புதிய வளர்ப்பின் ஒரு ஆணைக் குவித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, அசையாமல் பார்த்தார். முக்கோணம் தெரிகிறதா என்றேன். தெரிகிறது என்றார். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “இது ஆம்பளப் பூச்சி. முட்ட போடறது பொம்பளதானே? அத எப்படிம்மா கண்டுபிடிப்பீங்க?”

“கூடப் பிறந்தவனப் பாத்துதான் ஐயா,” என்றேன்.

இன்னொரு முறை குனிந்து பார்த்துவிட்டு, இரண்டு ஏக்கருக்கு அட்டை கேட்டார்.